பாலத்தடி இன்ஜினியர்

"ஏட்டி மாரி, பாலம் வந்துட்டு! ஒன் ஆளு நிக்காரு பாரு!"

அறைத்தோழி பேச்சி இடித்த இடியில் மாரிசெல்வி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். கம்பெனி பஸ் மெதுவாகப் பாலத்தில் ஏறியது. கீழே ஓடையெல்லாம் பனி. பழைய செங்கல் வளைவுகள் மூன்றும் தண்ணீருக்குள் தலைகீழாக மிதந்தன. கரையில் மஞ்சள் கோட்டு போட்ட யதிராஜ் வழக்கம்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். பேரைக்கூடப் பேச்சிதான் விசாரித்துச் சொன்னாள்.

"பாலத்தச் சோதிக்க வந்த இன்ஜினியருதானட்டி?"

"சோதன முடிஞ்சு, மிஷினெல்லாம் வண்டியேத்தி ரெண்டு வாரமாச்சு. பெறவும் நம்ம பஸ்ஸு வார நேரத்துக்குக் கரெக்டா வந்து நிக்காருன்னா யாருக்காவ? எனக்காவவா?"

பேச்சி வாய் சும்மா இருக்காது. ஆனாலும் மாரிசெல்விக்கு நெஞ்சுக்குள் சில்லென்றது. சுங்குவார்சத்திரத்துக் கம்பெனி வாசல் வரும்வரை அவள் இந்த உலகத்திலேயே இல்லை. கனவு காண நேரமும்தான் ஏது? கோவில்பட்டியில் அம்மா ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருக்கிறாள். நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

மறுநாள் அவளுக்கு மட்டும் வார லீவு; பேச்சிக்கு வேலை. விடிந்ததும் விடியாததுமாகப் பாலத்தடிக்கு நடந்தே போய்விட்டாள்.

"ஸார், ஒண்ணு கேக்கணும். தெனமும் நீங்க இங்க..."

"ஒரு நிமிஷங்க. பஸ் வருது."

வந்தது. பேச்சி ஜன்னல் வழியே கையை நீட்டி ஆட்டோ ஆட்டென்று ஆட்டினாள். யதிராஜ் அதைப் பார்க்கவே இல்லை. அவன் கண் நடு வளைவிலேயே இருந்தது. அங்கிருந்து ஒரு பிடி சுண்ணாம்பு உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது. பஸ் அக்கரை சேர்ந்த பிறகுதான் அவன் மூச்சு விட்டான்.

"பாலம் விழுந்திருமா ஸார்?"

"ஒரு செங்கல் போனா பக்கத்துல இருக்கிறது தாங்கிக்கும். ஆனா மூணு வளைவும் ஒண்ணுக்கொண்ணு முட்டுக் குடுத்துதான் நிக்குது. நடுவுல இருக்கிறது போச்சுன்னா மூணும் போயிடும். மூடச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன், ஆர்டர் வரல. இந்தக் கோட்டைப் பார்த்தா டிரைவருங்க செக்கிங்னு நெனச்சு மெதுவா ஓட்டறாங்க. அதான் நிக்கிறேன்."

"அப்ப, பஸ்ஸுக்குள்ள..."

"யார் இருக்காங்கன்னு பார்த்ததே இல்லீங்க. ஏதோ கேக்கணும்னீங்களே?"

மாரிசெல்வி நடு வளைவை அண்ணாந்து பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல ஸார். நாளையிலேருந்து நாங்க அம்பது பேரும் எறங்கி நடந்தே தாண்டிக்கிடுதோம். பஸ்ஸு காலியா வரட்டும்."

ஃபோன் அடித்தது. அம்மா. நாலடி தள்ளிப்போய் எடுத்தாள்.

"என்னட்டீ, மாப்பிள வீட்டுக்குச் சரின்னு சொல்லிரட்டுமா?"

"வேண்டாம்மா."

"அடிப்பாவி! அங்கன யாரையும் பாத்து வச்சிருக்கியா?"

"ஆமாம்மா" என்றாள் மாரிசெல்வி. "அவுகதான் இன்னும் என்னையப் பாக்கல."