சிங்கப்பூர்க்காரர்

"ஏனுங்க தம்பி, நான் எட்டிப் பாக்கறது அவளுக்குத் தெரியவே கூடாதுங்க. அதுக்கு என்ன வழியோ, அதப் பண்ணுங்க!"

செல்போனை மேசைமேல் வைத்துவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களோ என்று கடை வாசலைத் திரும்பிப் பார்த்தார் தனபால். ஏற்காடு கடைவீதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரொனால்ட் போனை எடுத்துப் பார்த்தான்.

திரையில் தனபாலின் மகள் சிவரஞ்சனி மிளகு ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். கனடாவில் இருக்கிறாள். சொந்தமாக ஓர் இணையப் பக்கம் வைத்து தினம் ஒரு சமையல் வீடியோ போடுகிறாள். பக்கத்தின் அடியில் ஓர் உலகப் படம். எந்த ஊரிலிருந்து யார் பார்த்தாலும் அதில் ஊர்ப் பெயரோடு ஒரு புள்ளி எரியும். டொராண்டோ, சென்னை, லண்டன். நடுவில் ஏற்காடு.

"இத்தன மாசமா இது எரிஞ்சுட்டேதான் இருந்துதுங்களா?"

"ஆமாங்கய்யா. நீங்க பாக்கறப்பெல்லாம் எரியும்."

"போச்சுங்க, மானமே போச்சு! அப்பன் வழிக்கு வந்துட்டான்னு நெனச்சிருப்பாளே!"

பேச்சைக் கேட்காமல் மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள் என்று, மலைமேல் தன் ஊரான மாரமங்கலத்தில் நாலு பேர் பார்க்க மகளைத் தலைமுழுகியவர் தனபால். "எனக்கு மகளே இல்ல" என்று சொன்ன வாய்க்கு மறுபடி கூப்பிடக் கூசியது. நடுவில் நின்று சமாதானம் பேச மனைவி கலாவும் உயிரோடு இல்லை. காப்பித் தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவினதும், போனில் மகள் முகத்தைத் திறந்து எதிரே வைத்தால்தான் மனுஷருக்கு ஒரு வாய் சோறு இறங்கும். ஆனால் அது அவளுக்குத் தெரியக் கூடாதாம். வீம்புக்கு மருந்து ஏது?

"ஒரு போன் போட்டுருங்களேன்யா. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வரச் சொல்லுங்க."

"அவளா வரட்டும். வந்தா வேண்டாம்னா சொல்லப் போறேன்?" தனபால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பேத்திய ஒருக்கா மடியில வச்சுக் கொஞ்சிட்டாப் போதுங்க எனக்கு. ஆனா நானாக் கூப்பிட மாட்டேன்."

ரொனால்ட் பெருமூச்சு விட்டான். "சரிங்க. ப்ராக்ஸின்னு ஒண்ணு இருக்குது. நீங்க போகாம, உங்களுக்குப் பதிலா வேற ஆள அனுப்பிப் பாத்துட்டு வரச் சொல்ற மாதிரி. அதுல மூணு ரகம்."

"மூணா?"

"மொத ஆளு அரிச்சந்திரன். வாசல்லயே 'மாரமங்கலத்துத் தனபால் அனுப்பிச்சாருங்க'ன்னு சொல்லிட்டுத்தான் ஊட்டுக்குள்ள போவான். எஸ்டேட் ஆபீஸ்ல வேல நேரத்துல யாரும் சினிமா பாக்காமத் தடுக்கறதுக்கு அவன் போதும். மறைக்கறதுக்கு ஆக மாட்டான்."

"அய்யோ, அவன் வேண்டவே வேண்டாம்."

"ரெண்டாவது ஆளு, 'ஒருத்தர் அனுப்பிச்சாரு, பேரு மட்டும் சொல்ல மாட்டேன்'பான். உங்களுக்கு இதுவே தாராளங்க."

"யாரோ ஒளிஞ்சு பாக்கறாங்கன்னு தெரிஞ்சுருமில்ல? நொம்பக் கெட்டிக்காரிங்க அவ. ஒளிஞ்சு பாக்க என்ன விட்டா அவளுக்கு வேற யாரு இருக்கா?"

"மூணாவது ஆளு கைகாரன். 'யாரும் அனுப்பலீங்க, நானாத்தான் வந்தேன்'னு நிப்பான். நீங்க இருக்கற சுவடே தெரியாது. யோசிச்சுக்கங்கய்யா."

"யோசிக்கறதுக்கு என்ன இருக்குது? அவனையே அனுப்புங்க."

"எந்த ஊரு ஆளா அனுப்பட்டும்?"

"எந்த ஊரோ. நம்ம மலையா மட்டும் இருக்கப்படாது."

ரொனால்ட் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்தான். பக்கத்தை மறுபடி திறந்ததும் ஏற்காட்டில் புள்ளி அணைந்து, சிங்கப்பூரில் ஒன்று எரிந்தது. வீடியோ முடியும்போது சிவரஞ்சனி வழக்கம்போலச் சொன்னாள்: "குளுரு நொம்ப இருக்கும், காதக் கட்டிக்கங்க. சாப்டுட்டு நேரத்துலயே படுங்க."

"தெனமும் இதையேதான் சொல்றாளுங்க" என்று சிரித்தார் தனபால். "கனடாவுல அத்தன குளுராட்ட இருக்குது. ஊருக்கே புத்தி சொல்றா."

மப்ளரைக் காதோடு இறுக்கிக்கொண்டு மாரமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.

மிளகுப் பறிப்பு முடிவதற்குள் மறுபடியும் கடைக்கு வந்து நின்றார். முகத்தில் களையே இல்லை.

"கொஞ்ச நாளா வீடியோவே வரலீங்க தம்பி. புள்ளைக்கு ஒடம்புக்கு ஏதாச்சுமோன்னு தூக்கமே இல்ல. இன்னைக்கு ஒண்ணு வந்துருக்குது. தனியாப் பாக்கப் பயமா இருக்குதுங்க."

ரொனால்ட் அதைப் பெரிய திரையில் போட்டான். அடுப்பு இல்லை, பாத்திரம் இல்லை. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் சிவரஞ்சனி. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"இதுதாங்க கடைசி வீடியோ. இந்தப் படத்துல எத்தனையோ புள்ளி எரியும். நான் பாத்ததெல்லாம் ஒண்ணே ஒண்ணத்தான். எனக்கு இங்க விடியறப்ப, ஏற்காட்டுல ஒண்ணு எரியும். அது எங்கப்பா. சாப்பிட உக்காந்துட்டாருன்னு தெரிஞ்சுக்குவேன். வாய் தொறந்து பேசாட்டியும் தெனமும் வந்தாரே, அதுவே போதும்னு இருந்தேன். இப்ப அவரு வர்றதே இல்லீங்க. ஒடம்பு சரியில்லையோன்னு ஊர்ல விசாரிச்சேன். நல்லாத்தான் இருக்காராம். இப்பத்தான் என்ன நெசமாவே தலைமுழுகிட்டாராட்ட இருக்குது. திருவிழாவுக்கு வந்து பாப்பாவ அவரு மடியில போடலாம்னு டிக்கெட் எடுத்திருந்தேன். வேண்டாம்னு ரத்து பண்ணிட்டேன்."

"தம்பி, அந்த ஆளத் திருப்பிக் கூப்பிடுங்க!" தனபால் திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் இங்கதான் இருக்கேன் கண்ணு, இங்கதான் இருக்கேன்..."

சிவரஞ்சனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கை கூப்பினாள்.

"சிங்கப்பூர்ல இருந்து ஒருத்தர் மட்டும் தெனமும் தவறாம வர்றீங்க. நீங்க யாருன்னு தெரியலீங்க, நொம்ப நன்றி. ஆனா இதெல்லாம் நான் எங்கப்பாவுக்காகப் போட்டதுங்க, மன்னிச்சுக்கங்க."