தளத்தில் ஊற்றிய தண்ணீர்

மந்திரமூர்த்தி குனிந்து, புதுக் கான்கிரீட் தளம் இறுகுவதற்காகப் பாத்தி கட்டி நிறுத்தியிருந்த தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"கடல் தண்ணி" என்றார்.

வீட்டுக்காரி பிலோமி ஏணியின் மேல்படியில் நின்றிருந்தாள்.

மந்திரமூர்த்தி யூனியன் ஆபீஸ் ஓவர்சியர். புன்னைக்காயலில் அரசுத் திட்டத்தில் எழும்பும் வீடுகளுக்கு அவர் கையெழுத்து விழுந்தால்தான் அடுத்த வேலை நடக்கும். வளையக் கம்பி விரற்கடை தள்ளியிருந்தாலும் பிரித்துக் கட்டச் சொல்வார். ஊருக்குள் அவருக்கு 'உப்பு மூர்த்தி' என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

"எத்தனை நாளா ஊத்துறீங்க?"

தான் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றியதாகச் சொன்னாள் பிலோமி. கான்கிரீட் போட்டு அஞ்சு நாளாகிறது, காலையில் மீன் விற்கப் போனால் மூணு மணிக்குத்தான் திரும்புவாள், நடுவில் யார் ஏறி என்ன ஊற்றினார்களோ தெரியாது என்றாள். மாதா மேல் ஆணை என்று ஆரம்பித்தவள் அதை முடிக்கவில்லை.

மந்திரமூர்த்தி கைப்பிடிச் சுவரில்லாத விளிம்புக்கு வந்து நின்றார். கீழே தெருவே கூடியிருந்தது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்றே சொன்னார். உப்பு உள்ளே இறங்கினால் கம்பியைத் தின்னும். வெளியே ஒன்றும் தெரியாது. பத்து வருசம் கழித்து ஒரு புயல் அடிக்கும்போது தளம் தலையில் இறங்கும். வீட்டுக்காரர் செய்த தப்பு என்றால் திட்டத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். வெளியாள் செய்தது என்றால், கழுவிவிட்டு இன்னொரு தடவை பார்க்கலாம்.

"இதுல எது?" என்று கேட்டார்.

வெள்ளத்தில் பழைய வீடு போனதிலிருந்து பிலோமி இரண்டு பெண் பிள்ளைகளோடு ஒற்றை அறையில் இருக்கிறாள். அது அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, கம்பிக்குத் தெரியாதே.

"நாந்தான் சார் ஊத்துனேன்."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி என்றார்கள். பொதுச்சுவர்த் தகராறில் ஒரு வருசமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம்.

"எதுக்கு ஊத்துனீங்க?"

"வெயில்ல தளம் காஞ்சு கெடந்துச்சு. குழாய்த் தண்ணி மூணு நாளைக்கு ஒருக்க, பத்துக் குடம். அதை வச்சு என்னத்த நனைக்க? கடல் கிட்டக்கதானேன்னு கோரிட்டு வந்து ஊத்திட்டேன். நேத்தும் முந்தாநாளும்."

"ஏளா கூறுகெட்டவளே, முகம் பாத்துப் பேசமாட்ட, மாடியில ஏறி நனைப்பியோ?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிலோமி மட்டும் ஏணியை இறுகப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மந்திரமூர்த்தி இறங்கி வந்தார். பைக் சீட்டில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, தண்ணீரை இப்போதே வடித்துவிட வேண்டும் என்றார். மூன்று தடவை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பிறகு பதினாலு நாள் நல்ல தண்ணீர் நிற்க வேண்டும். அப்புறம் வந்து சோதிப்பார். தேறவில்லை என்றால் உடைக்கத்தான் சொல்வார், அதில் மாற்றமில்லை.

"அவ்வளவு தண்ணிக்கு இவங்க எங்க போவாங்க? கெடுத்தது நீங்க. பதினாலு நாளைக்கு உங்க வீட்டுப் பத்துக் குடமும் இந்தத் தளத்துக்குத்தான். சம்மதமா?"

"சரி சார்" என்றாள் அவள், காத்திருந்தவள் போல.

தெருமுனையில் நின்றிருந்த ஓர் ஆட்டோ உள்ளே வந்து நின்றது. ஓட்டிவந்த கிளைட்டன் ஒரு பெரிய துணிப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பக்கத்து வீட்டுக்காரியிடம் நீட்டினான்.

"என்னக்கா, கூட்டத்தைப் பாத்ததும் பையை வண்டியிலேயே விட்டுட்டு ஓடி வந்துட்டிய? பத்து நாளு மணப்பாட்டுல அக்கா வீட்டுல கெடந்துட்டு வாரிய, இன்னும் வீட்டுக்குள்ளகூட போகலியே?"

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். தெருவில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மந்திரமூர்த்தி நோட்டைப் பார்த்தார். 'தவறு செய்தவர்' என்ற இடம் இன்னும் காலியாக இருந்தது. பேனா மூடியைக் கழற்றினார்.

"உங்க பேரு என்னம்மா?"

"விஜிலா."

நிதானமாக எழுதினார்.