முத்துக்குளித்தவர் பேரன்

கடலையே கலக்கிய குலத்தில் பிறந்தவன் தண்ணீரைக் கண்டு பின்வாங்கினால் பாலைவனமே சிரிக்கும். துபாயில் எந்த விருந்துக்குப் போனாலும் கல்ஃபான் இதைச் சொல்லாமல் சாப்பிட உட்கார மாட்டார். அவருடைய தாத்தா முத்துக்குளித்தவர். கல்ஃபான் குடிநீர்ப் புட்டி விற்கிறார்.

"பாபா, லீவு விட்டாச்சு. அலைக்குளம் இருக்கிற பூங்காவா, பெரிய சறுக்கு இருக்கிற பூங்காவா?" என்று கேட்டாள் மூத்த மகள் ஷம்மா.

"ரெண்டுலயும் கூட்டம். நம்ம தோட்டத்துலயே குழாயைத் திறந்துவிடறேன்."

"தாத்தா பேரைச் சொல்லிட்டுக் குழாயா?" என்று சிரித்தாள் இளையவள். "சறுக்குக்கே போவோம். முதல்ல நீங்கதான் இறங்கணும். வல்லாஹின்னு சத்தியம் பண்ணுங்க!"

கல்ஃபானுக்கு நாலு பக்கமும் கதவைச் சாத்தியது போலிருந்தது. மனைவி மோசா உதவிக்கு வரவில்லை. கோப்பையில் கஹ்வா காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வல்லாஹி," என்றார் கடைசியில். "வியாழக்கிழமை போறோம்."

வியாழனன்று பூங்கா வாசலில் காவலாளிப் பெண் கையை நீட்டித் தடுத்தாள். "இன்னிக்குப் பெண்கள் நாள், சார். ஆம்பளைங்களுக்கு அனுமதி இல்ல."

"அடடா! சறுக்கு இன்னிக்குத் தப்பிச்சுது!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார் கல்ஃபான். பெண்கள் நாள் அறிவிப்பை அவர் போன வாரமே படித்திருந்தார்.

மகள்கள் உள்ளே ஓட, மோசா காவலாளியிடம் டிக்கெட்டுகளை நீட்டினாள். மூன்றுதான் இருந்தன.

"எனக்கு வாங்கலையா?"

"நீங்க வியாழக்கிழமைன்னு சொன்னப்பவே புரிஞ்சுபோச்சு," என்றாள் தணிந்த குரலில். "மறுபடியும் முடியைப் பிடிச்சு இழுக்க எனக்குத் தெம்பில்ல."

தேனிலவுக்குப் போன விடுதியில், நீச்சல்குளத்திலிருந்து அவரை இழுத்துப் போட்டவள் அவள்தான். அந்தக் குளத்தில் தண்ணீர் இடுப்பளவு இருந்தது.