வான்கோழியார் ஆடிய இரண்டு பலகை

வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் இந்தக் கதையில் இருக்கிறது. ஆனால் அது கடைசியில்தான் வரும். முதலில் வான்கோழியாரின் பெருமையைக் கேளுங்கள். கேட்கவைக்காமல் அவர் யாரையும் விட்டதில்லை.

அவர் வட்டாரச் சதுரங்கச் சாம்பியன். முதல் கோப்பை, எதிராளி ஆமை வந்து சேராததால் கிடைத்தது. மறுவருடக் கோப்பை, அதே ஆமை இன்னும் வந்துகொண்டே இருந்ததால் கிடைத்தது.

ஒருநாள் மைனா வந்தது. "அண்ணே, மலைக்கு அந்தாண்ட இருக்கிற கரடியும் நரியும் உங்களோட மோதணுமாம். கரடியோட நீங்க வெள்ளை, நரியோட கறுப்பு. நான் பறந்துபோய் ஆட்டத்தைச் சொல்லிட்டு வரேன். ஒண்ணுல தோத்தாலும் பட்டம் போயிடும்."

"ரெண்டு பலகையையும் போடுடா!"

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மைனா வேலிக்கு அப்பால் போய், ஒரு மிளகாய்ப்பழம் தின்றுவிட்டு வந்து, கரடிக்குக் கட்டைக்குரலிலும் நரிக்குக் கீச்சுக்குரலிலும் ஆட்டத்தைச் சொல்லிக் காய் நகர்த்தியது.

வான்கோழியார் நரிக்குத் தன் குதிரையை வெட்டக் கொடுத்தார். "இதுக்குப் பேரு தியாகம்!"

அடுத்துக் கரடியும் அதே கட்டத்தில் தன் குதிரையை வெட்டக் கொடுத்தது. "மக்குப்பய! சும்மா தூக்கிக் குடுக்கிறான் பாரு!"

கடைசியில் ராணியை இறக்கிக் கரடியின் ராஜாவை மடக்கினார். "இனிமே பலகையைத் தொடாதேன்னு அந்த மக்குகிட்ட சொல்லுடா!"

"கேட்டுக்கிட்டாருண்ணே" என்றது மைனா, இருந்த இடத்திலிருந்தே. பிறகு நரியின் ராணியை அதே கட்டத்தில் இறக்கியது. வான்கோழியாரின் ராஜா மடங்கினார்.

அவர் இந்தப் பலகையைப் பார்த்தார். அந்தப் பலகையைப் பார்த்தார். இரண்டிலும் காய்கள் அச்சு அசலாக ஒரே மாதிரி நின்றன. கழுத்துச் சதை மெல்லச் சிவந்தது.

"அப்போ... அந்த மக்குக் கரடி..."