மூன்று பேர் நிற்கும் படம்

ஒரே அறையில் குடியிருந்தும் அந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருந்தது கிடையாது. அப்பாவுக்கு இரவுக் காவல். அம்மாவுக்கு விடிகாலையில் ஆஸ்பத்திரி கூட்டுகிற வேலை. தம்பிக்கு நேரங்காலம் இல்லாத டெலிவரி. குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கிய அவளுக்கு, பகலெல்லாம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்குகிற பிழைப்பு.

லீவு நாளில் பழைய ஃபிலிம் கேமராவோடு தெருவுக்குப் போய்க் கறுப்பு வெள்ளையில் எடுப்பாள். பஸ் கம்பியில் ஒரு கை, படியில் ஒரு கால், தலை வெட்டுப்பட்ட கூட்டம். முழு மனுஷர் யாரும் அகப்பட்டதே இல்லை.

"ஒரே ஒரு தடவை நாலு பேரும் சேர்ந்து நின்னு படம் எடுத்துக்கலாம்மா. அதுக்குக்கூடவா நமக்கு வக்கில்ல?"

"எல்லாருக்கும் ஒண்ணா லீவு வேணும்னா நம்மள்ல ஒருத்தர் செத்தாத்தான்டி உண்டு," என்று அம்மா சிரித்தாள்.

அந்த வாரம் குளியலறையை இருட்டாக்கி அவளே ஃபிலிமைக் கழுவினாள், அவளே பிரின்ட் போட்டாள். வேறு யார் கையும் படவில்லை. கடைசிப் படத்தில் உச்சிவெயிலில் வீட்டு வாசலில் அப்பா, அம்மா, தம்பி மூவரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். பக்கத்தில் அவளுடைய செருப்பு கிடந்தது. அப்படியொரு படத்தை அவள் எடுக்கவே இல்லை.

வேலை முடிந்து வந்த அம்மா அதை ஈரத்தோடு வாங்கிப் பார்த்தாள். வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

"அட, எல்லாருக்கும் எப்பிடிடி ஒண்ணா லீவு கெடச்சுது?" படத்தின் ஓரமெல்லாம் விரலால் தேடினாள். "நீ எங்கடி இதுல?"

"நான்தானேம்மா எடுத்தேன்," என்றாள் அவள்.