உங்கட வாயால

2004, எசன் நகரம். குளிருக்கு ஜன்னல்கள் சாத்தியிருப்பதால் அறை முழுக்க ரோல்ஸ் பொரித்த எண்ணெய் மணக்கிறது. துஷானி தன் ஆவணப்படத்துக்காகக் கமராவைப் பொருத்தி முடிக்கும்வரை சிவகடாட்சம் சோபாவில் சாய்ந்து ரோல்ஸ் தின்கிறார். அவளுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது அவளைக் காருக்குள் வைத்துப் பலாத்காரம் செய்தவர். அவளுடைய அம்மாவுக்கு இன்றும் மரியாதையான குடும்ப நண்பர். அகதி வாழ்க்கை பற்றிய பேட்டி என்று நினைத்துத் தலைவாரி வந்திருக்கிறார். கமராவின் சிவப்பு விளக்கு எரிகிறது. "அண்டைக்குக் காருக்குள்ள என்னை என்ன செய்தனீங்கள், அங்கிள்?" அவர் விரலை நக்குகிறார். பல்லிடுக்கை நாக்கால் துழாவியபடி சிரிக்கிறார். "ஒருக்கா நடந்ததை இன்னும் மனசில காவிக்கொண்டு திரியிறியே, பிள்ளை?" அவள் கமராவை அந்த வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகிறாள். "ஓம். என்ன நடந்தது எண்டு நீங்களே சொல்லுங்கோ. அம்மாவும் பாக்கவேணும்."