மூலைக்குப் போன ராஜா

ஆறு மணிக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும். முடியாத சதுரங்க ஆட்டத்தை வக்கீல் வெங்கடாசலம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதாக ஏற்பாடு.

பலகையின் ஒரு பக்கம் இண்டூர் கோவிந்தன் வாத்தியார். மறுபக்கம் பாப்பாரப்பட்டி ஜவுளிக்கடை அப்துல் ரஷீத். ஜெயிப்பவர் தருமபுரி மாவட்டத்தின் சார்பில் மெட்ராஸ் போட்டிக்குப் போவார். வாத்தியார் இரண்டு முறை போய் வந்தவர். ரஷீத் வருடா வருடம் கடைசி ஆட்டம் வரை வந்து, அதில் தோற்றுத் திரும்புகிறவர்.

வாத்தியார் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறார். ஆனால் பலகையில் கணக்குப் போட மாட்டார். எல்லாவற்றுக்கும் ஒரு பொதுவிதி வைத்திருப்பார். ரஷீத்துக்கு விதி எதுவும் கிடையாது. நான் இங்கே வந்தால் நீ அங்கே என்று உதடு அசையக் கணக்குப் போடுவார்.

வக்கீல் காய்களை எண்ணினார். ரஷீத்துக்கு இரண்டு சிப்பாய் குறைவு. பொதுவாகப் பார்த்தால் வாத்தியார் பக்கம்தான் என்றார்.

ரஷீத் ஒப்புக்கொள்ளவில்லை. யானையைக் கொடுத்தால் நாலாவது நகர்த்தலில் மேட் என்றார்.

வக்கீல் காட்டச் சொன்னார்.

ரஷீத் இரண்டு பக்கத்துக் காய்களையும் தானே நகர்த்தினார். யானை வெட்டுப்பட்டது. குதிரை செக் வைத்தது. வாத்தியாரின் ராஜாவை மூலைக்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது.

வேறு யாரும் எதையும் கவனிக்கவில்லை. வக்கீல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ரஷீத் ராஜாவை மூலையில் வைக்கவில்லை. நடுவை நோக்கி ஒரு கட்டம் தள்ளி வைத்தார். இங்கே வந்தால் மேட் இல்லை, என் கணக்கு தப்பு என்று சொல்லிவிட்டு எழுந்து செருப்பைத் தேடினார்.

வாத்தியார் அவரை உட்காரச் சொன்னார். ராஜாவை எடுத்து மூலையில் வைத்தார். ராஜாவை வெட்டவெளியில் நிறுத்துவது எனக்குப் பழக்கமில்லை, ஆட்டம் நடந்திருந்தால் இங்கேதான் வைத்திருப்பேன் என்றார்.

“அதான் இப்பப் பாத்துட்டீங்களே, சார்.”

“பாத்துட்டா? கொள்கைன்னு ஒண்ணு இருக்குதுங்களே, பாய்.”

ஆட வேண்டியவரே சொல்லிவிட்ட பிறகு தனக்கு வேலையில்லை என்று வக்கீல் ரஷீத்தின் பெயரை எழுதினார்.

ஆட்டம் பார்க்க வந்திருந்த எனக்கு இண்டூர் பஸ்ஸில் வாத்தியாருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ராணிகள் இரண்டும் போன பிறகு ராஜா மூலையில் பதுங்கக் கூடாது, நடுவுக்கு வந்துவிட வேண்டும் என்பது அவருடைய முக்கியமான விதி.

அன்றைக்கு ராணிகள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வெட்டுப்பட்டிருந்தன.